காரிலிருந்து கரண்ட்: கணக்கை டீசலோடு போடுங்கள்

சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தின் பொருளாளர் நான். பராமரிப்புக் கட்டணம் ஏறும்போதெல்லாம் திட்டு வாங்குகிற பதவி. அதனால், மின்சாரக் காரின் பேட்டரியைக் கட்டடத்தோடு இணைத்தால் பில் குறையும் என்று யாராவது சொன்னால், முதலில் கால்குலேட்டரைத்தான் எடுப்பேன்.

இரவில் மலிவாக சார்ஜ் ஏற்றி, உச்ச நேரத்தில் கட்டடத்துக்குத் திருப்பிக் கொடுக்கலாம் என்பார்கள். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு நேரத்துக்கு ஒரு கட்டணம் கிடையாது. பிறகு ஏது லாபம்? உயரழுத்த இணைப்புள்ள ஆலைகளுக்கு அது உண்டு: உச்ச நேரத்தில் 25 சதவீதம் கூடுதல், இரவில் 5 சதவீதம் தள்ளுபடி. யூனிட் 7 ரூபாய் என்று வைத்தால் இரண்டுக்கும் இடைவெளி 2 ரூபாய் 10 காசு. ஏற்றி இறக்குவதில் 15 சதவீதம் வீணானால் மிஞ்சுவது ஒரு ரூபாய்கூட இல்லை. அந்தக் காசுக்கு எவர் தன் கார் பேட்டரியைத் தேய விடுவார்?

டீசலோடு ஒப்பிட்டால் கதை மாறும். எங்கள் ஜெனரேட்டர் லிட்டருக்கு மூன்று யூனிட் போலத்தான் தரும். டீசல் 90 ரூபாயைத் தாண்டி நிற்க, யூனிட் 30 ரூபாய். கார்க்காரருக்கு, பேட்டரித் தேய்மானத்தையும் சேர்த்து, யூனிட்டுக்கு 20 ரூபாய் கொடுத்தாலும் சங்கத்துக்குப் பத்து ரூபாய் மிச்சம். ஜப்பானில் 2011 பூகம்பத்துக்குப் பிறகு, 2012இல் நிசான் லீஃப் காரிலிருந்து வீட்டுக்கு மின்சாரம் எடுக்கும் கருவி விற்பனைக்கு வந்ததன் பின்னணியும் மின்தடை பயம்தான்.

ஆனால் அவசரப்பட வேண்டாம். ஒரு மின்தடையில் காரிலிருந்து 20 யூனிட் எடுத்தால் மிச்சம் 200 ரூபாய். இருவழி சார்ஜரின் விலையோ லட்சங்களில். ஜெனரேட்டரை ஏற்கெனவே வாங்கிவிட்ட எங்களைப் போன்றவர்கள் சார்ஜருக்குப் போட்ட முதலை மீட்பதற்குள் பேரப்பிள்ளைகள் சங்கத் தலைவர்களாகி இருப்பார்கள். லாபம் புதிய கட்டடத்துக்குத்தான்: ஜெனரேட்டரையே சிறியதாக வாங்கலாம், அல்லது வாங்காமலே விடலாம்.

அதற்கும் ஒரு தடை உண்டு. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசைகட்டி நின்றதை நாடே பார்த்தது. கரண்ட் போகும் நாளில்தான் கார்கள் ஸ்டில்ட் பார்க்கிங்கை விட்டு ஓடுகின்றன. மேம்பாலத்தில் நிற்கும் பேட்டரி லிஃப்டை இயக்காது.

ஆகவே, புதிய கட்டடங்களுக்கு நான்கு நிபந்தனைகள் வேண்டும். சார்ஜரும் பேனலும் வெள்ளமட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். அங்கே சில கார்களாவது நிற்க இடம் வேண்டும். கார் மின்சாரம் தெருக் கம்பிக்குப் பாய்ந்து லைன்மேன் உயிரைப் பறிக்காதபடி, வெளி இணைப்பைத் தானாகத் துண்டிக்கும் சேஞ்ச் ஓவர் அமைப்பு கட்டாயம். கார் உரிமையாளருக்கு யூனிட்டுக்கு என்ன விலை, அவர் மறுநாள் ஓட்டுவதற்கு எவ்வளவு சார்ஜ் மீதி வைக்க வேண்டும் என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். காசைப் பேசாமல் அண்டை வீட்டாரின் பெருந்தன்மையை நம்பினால், முதல் மின்தடையிலேயே சண்டை வரும்.

'கார் பேட்டரி வசதி உண்டு' என்று புரோஷர் அச்சடிக்கும் பில்டரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: ஜெனரேட்டர் செலவில் எவ்வளவு குறைந்தது, அதில் எவ்வளவை வீட்டு விலையில் குறைத்தீர்கள்?