பழைய ரைஃபிளுக்குக் கலர் ஸ்க்ரூ எதுக்குங்க?

பூனாவில் எந்த ரேஞ்சுக்குப் போனாலும் இந்தக் கதை காதில் விழும். பையன் எட்டு மாசமா சுடுறான், ஸ்கோர் ஏறலை, கோச் புது ரைஃபிள் வாங்கச் சொல்லிட்டார். புது ஜெர்மன் ஏர் ரைஃபிள் இரண்டு லட்சத்தைத் தாண்டும். அவ்வளவு முடியாதவர் பதினைந்து வருஷப் பழசு ஒன்றைப் பிடிக்கிறார். அதுவரை சரி. அப்புறம்தான் கூத்து. அலுமினியக் கட்டை, கலர் ஸ்க்ரூ, குழல் நுனியில் மாட்ட ஒரு எடை... இருபதாயிரம் காலி. ஸ்கோர் அதே இடத்தில்.

(நான் பேசுவது 10 மீட்டர் ஏர் ரைஃபிளைப் பற்றி மட்டும். வெடிமருந்துத் துப்பாக்கியை வீட்டு மேஜையில் கழற்றி மாட்டும் யோசனை இருந்தால் இப்பவே விட்டுடுங்க. அதைப் பழுதுபார்க்கவும் மாற்றவும் 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும்.)

பழசு என்றாலே தேய்ந்தது என்று யார் கிளப்பிவிட்டது? ஈயக் குண்டு, விநாடிக்குச் சுமார் 170 மீட்டர் வேகம், வெடிமருந்துச் சூடே கிடையாது. அந்தக் குழல் அவ்வளவு லேசில் தேயாது. கிழடு தட்டுவது ரப்பர் சீல்களுக்கும் காற்று சிலிண்டருக்கும்தான். சிலிண்டரில் 200 பார் அழுத்தம் நிற்கிறது, விளையாட்டில்லை. அதனால்தான் அதில் தேதி பொறித்திருக்கும், பொதுவாகப் பத்து வருஷம். காலாவதி ஆகாமல் பார்த்துக்கொள்வது சுடுபவர் பொறுப்பு என்று ஐ.எஸ்.எஸ்.எஃப். விதியே சொல்கிறது. என் மகளுக்குப் பழசு பார்க்கப் போனபோது, விற்க வந்த புண்ணியவான் அந்தத் தேதி மேல் அழகாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார். பிரித்துப் பார்த்தேன், முடிந்து மூன்று வருஷம். புது சிலிண்டர் விலையைக் கழித்துக்கொண்டுதான் பணம் கொடுத்தேன். முதல் செலவு அது. இரண்டாவது, விவரம் தெரிந்த மெக்கானிக்கிடம் சீல் மாற்றியது.

மூன்றாவதுதான் யாரும் செய்யாதது. குண்டு! 4.5 மி.மீ. என்று பொதுவாகச் சொன்னாலும் தலை அளவு 4.49, 4.50, 4.51 என்று தனித்தனியாக வருகிறது. ஒரே கம்பெனி டின்னிலேயே பேட்ச் மாறினால் குணம் மாறும். ரைஃபிளை வைஸில் இறுக்கிக்கொண்டு ஒவ்வொரு வகையிலும் பத்துப் பத்து சுட்டுப் பாருங்கள். உங்கள் குழலுக்குப் பிடித்தது சின்ன ஓட்டை போடும், பிடிக்காதது காகிதத்தில் கோலம் போடும் :-) பத்துப் புள்ளி என்பது அரை மில்லிமீட்டர் பொட்டு. 2013-லிருந்து தகுதிச் சுற்றிலும் தசமக் கணக்கு வந்துவிட்டது. குண்டு ஒரு மில்லிமீட்டர் விலகினால் கலர் ஸ்க்ரூ வந்து காப்பாற்றாது.

அப்புறம் கட்டை. வளர்கிற பிள்ளைக்குத் தோள் தகடும் கன்னப் பலகையும் ஆறு மாசத்துக்கு ஒரு முறை நகர்த்த வேண்டும். ஒரு அல்லன் கீ போதும். அதைச் செய்யாமலே 'இந்த ரைஃபிள் இவனுக்கு செட் ஆகலை' என்கிறார்கள். முன் சைட் வளையம் கண்ணுக்குச் சின்னதாக இருந்தால் பெரிசாக மாற்றுங்கள், சில நூறு ரூபாய்தான்.

கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் பேரைச் சொல்லிக்கொண்டு விசாரிக்க வரும் நம்மூர் அப்பாக்களிடம் இதைத்தான் சொல்கிறேன். பாதிப் பேர் நம்புவதில்லை. கோச் சொன்னாரே என்கிறார்கள்.

அந்த கோச்சுகளை ஒன்று கேட்கிறேன். இரண்டு லட்சம் செலவு வைக்கும் முன், அந்தப் பையன் எந்தத் தலை அளவுக் குண்டு சுடுகிறான் என்று ஒரு தடவையாவது பார்த்தீர்களா?