படகுத்துறையில் முதலில் ஏணி

டொராண்டோவுக்கு வடக்கே, மஸ்கோகா ஏரிக்கரைகளில் கோடைக்கு வீடு எடுக்கும் குடும்பங்கள் சமையலறையைப் பார்க்கின்றன, படுக்கைகளை எண்ணுகின்றன, படகுத்துறையைப் பார்ப்பதில்லை. பிள்ளைகள் பகலெல்லாம் கிடக்கப்போவது அந்தப் பலகை மேடையில்தான். நீருக்குள் இறங்கும் உறுதியான ஏணி, கயிறு கட்டிய மிதவை வளையம், குழந்தையின் எடைக்குப் பொருந்தும் லைஃப் ஜாக்கெட் இல்லாத இடத்துக்கு வாடகையே கொடுக்கக் கூடாது. என்னை அதிகம் அச்சுறுத்துவது மின்சாரம். விளக்குக்கோ படகைத் தூக்கும் மோட்டாருக்கோ இழுத்த வயர் பழுதானால் ஏரியில் மின்சாரம் கசியலாம். நன்னீரைவிட மனித உடல் அதை எளிதாகக் கடத்தும். தசைகள் இயங்காமல் போய், தேர்ந்த நீச்சல்காரரும் மூழ்கிவிடுவார். கண்ணுக்கு எதுவும் தெரியாது. கசிந்ததும் இணைப்பைத் துண்டிக்கும் கருவி வேண்டும், ஆண்டுதோறும் எலக்ட்ரீஷியன் சோதிக்க வேண்டும். என்னைக் கேட்டால், மாலை வெளிச்சத்துக்கு சோலார் விளக்குகளே போதும். நீரில் இருப்பவருக்கு ஷாக் அடித்தால், காப்பாற்றக் குதிக்காதீர்கள். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வளையத்தை எறியுங்கள். இத்தனையும் சரியாக இருந்தால் தூண்டில், சாய்நாற்காலி, காலை நனைத்தபடி அரட்டை எல்லாம் இருக்கட்டும். ஆனால் ஒரு பெரியவர், முறை வைத்து, போனை உள்ளே வைத்துவிட்டு, தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.