பிள்ளையை மறைக்காதீர்கள், பதியுங்கள்!



ஆட்டிசம், டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளையை "எங்கள் தலைவிதி" என்று வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கிறீர்களா? 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் அந்தப் பிள்ளைக்கும் உரிமை தந்திருக்கிறது. ஆனால், பதிவு தானாக நடக்காது. நாம்தான் கேட்க வேண்டும்.

அரசாங்க மருத்துவமனை டாக்டரிடம் பாரத்தில் உறுதி பெறுங்கள். அதைச் சமூகநல இலாகாவில் கொடுத்து ஓகேயு கார்டு எடுங்கள். உதவித்தொகைக்கும் மற்றச் சலுகைகளுக்கும் அதுதான் வாசல். வட்டாரத்திலுள்ள பிடிகே மையத்தையும் விசாரியுங்கள்.

பிறப்புப் பத்திரமே இல்லாத பிள்ளைகள் நம்மில் இன்னும் உண்டு. பத்திரம் இல்லையென்றால் கார்டு எடுப்பது கடினம். அவர்கள் முதலில் பதிவிலாகாவுக்குப் போக வேண்டும். "நாளைக்கு வா" என்றால், மனு கொடுத்ததற்கு ரசீது கேளுங்கள்.

இது பிச்சையல்ல. நம் வரிப்பணம், நம் பிள்ளையின் உரிமை!