நடுநிலைப் பள்ளியை எதைக் கொண்டு அளப்பது?

ஆண்டுதோறும் வைகாசி பிறந்ததும் தமிழகத்துச் சிற்றூர்களில் ஒரு பேச்சு எழுகின்றது. பிள்ளை ஐந்தாம் வகுப்பை முடித்துவிட்டான். ஆறாம் வகுப்பிற்கு எந்தப் பள்ளி? ஒரே ஊராட்சி ஒன்றியத்திற்குள், நடந்துபோகும் தொலைவில், இரண்டு நடுநிலைப் பள்ளிகள். இரண்டும் அரசுப் பள்ளிகள். இரண்டிலும் ஒரே பாடத்திட்டம், ஒரே சீருடை, ஒரே நண்பகலுணவு. ஆயினும் ஒன்றை உயர்ந்தது என்கின்றனர். மற்றொன்றைத் தாழ்ந்தது என்கின்றனர். அளவுகோல் யாது? "அங்கே இங்கிலீசு மீடியம் இருக்கிறது!" அவ்வளவே.

கத்தரிக்காய் வாங்கும் தமிழன் காம்பைத் திருப்பிப் பார்த்துச் சொத்தையைத் தள்ளுகின்றான். மாடு பிடிக்கச் செல்பவன் பல்லைப் பிடித்துப் பார்க்கின்றான். பெற்ற பிள்ளையை ஒப்படைக்கும் பள்ளியை மட்டும் வாயிற்பலகையைப் பார்த்தே முடிவு செய்துவிடுகின்றான்!

இம் மயக்கத்திற்குப் பெற்றோர் மட்டுமே பொறுப்பல்லர். 1956இல் தமிழை ஆட்சிமொழியாக்கிச் சட்டம் செய்த நாடு இது. 1999இல், ஐந்தாம் வகுப்பு வரை தமிழோ தாய்மொழியோதான் பயிற்றுமொழி என ஓர் ஆணை பிறந்தது. 2000இல் சென்னை உயர் நயன்மன்றம் அதனை வீழ்த்திற்று. 2014இல், கருநாடக வழக்கில், தாய்மொழி வழியைத் தொடக்கப் பள்ளிகள்மேல் அரசு சுமத்துதல் ஆகாது என்று உச்ச நயன்மன்றம் கூறிற்று. இவை தனியார் பள்ளிகளின் பொருட்டு எழுந்த வழக்குகள். அரசுப் பள்ளியில் ஆங்கிலவழியைத் திறக்குமாறு எந்த மன்றமும் ஆணையிடவில்லை. அதனை அரசே தன் கையால் செய்தது. 2012க்குப் பின் அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகள் பரப்பப்பட்டன. அடுத்து வந்த ஆட்சியும் அவற்றை மூடவில்லை. தனியார் கடையோடு போட்டியிடத் தன் கடையிலும் அதே போலிச் சரக்கைப் பரப்பிற்று அரசு.

போலி என்பது வெறுஞ்சினத்தால் எழுந்த சொல்லன்று. கணக்கே அதனைக் காட்டும். 2009ஆம் ஆண்டின் கல்வியுரிமைச் சட்டம், ஆறு முதல் எட்டு வரை வகுப்பிற்கு ஓர் ஆசிரியரேனும், 35 மாணாக்கர்க்கு ஓர் ஆசிரியரேனும் வேண்டும் என்கின்றது. கணக்கு-அறிவியல், குமுக அறிவியல், மொழி ஆகிய மூன்றற்கும் ஒவ்வோர் ஆசிரியரேனும் இருத்தல் வேண்டும் என்கின்றது. இம் மூன்று வகுப்புகளிலும் சேர்த்து 60 பிள்ளைகள் உள்ள ஒரு பள்ளியை எண்ணிப் பார்க்க. மூன்று ஆசிரியர், மூன்று வகுப்பு; எவ்வகுப்பும் ஆளின்றி இராது. அங்கே ஆங்கிலவழியைத் திறந்து, ஆசிரியரைக் கூட்டாமல் விட்டால் என்னாகும்? வகுப்பு ஆறாகும், ஆசிரியர் மூவரே. பிரித்து அமர்த்தினால் எப்பொழுதும் மூன்று அறைகள் ஆசிரியரின்றிக் கிடக்கும். சேர்த்து அமர்த்தினால், ஒளிச்சேர்க்கையை ஒரே ஆசிரியர் தமிழில் ஒருமுறையும் ஆங்கிலத்தில் ஒருமுறையும் சொல்லவேண்டும். 40 மணித்துளிப் பாடவேளையில் ஆளுக்கு 20 மணித்துளியே கிட்டும். இரு பிரிவினரும் அரைக்கல்வியோடு வீடு திரும்புவர். உயர்ந்த பள்ளி என்று பெயர் பெறுவதோ இதுவே!

இழப்பு இத்துடன் நின்றதா? தமிழ்வழியில் பயின்றோர்க்கு அரசுப் பணியமர்த்தத்தில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2010இல் வந்தது. பட்டப்படிப்பை மட்டுமன்றிப் பள்ளிப்படிப்பையும் தமிழ்வழியில் முடித்திருத்தல் வேண்டும் என 2020இல் அது இறுக்கப்பட்டது. ஆறாம் வகுப்பில் பிள்ளையை ஆங்கிலவழிக்கு மாற்றும் தந்தை, பின்னாளில் அவன் நுழையக்கூடிய ஒரு வாயிலைத் தாமே சாத்தித் தாழிடுகின்றார். அதனை அவரிடம் யாரும் சொல்வதில்லை. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணாக்கர்க்கு 2020இல் வந்த 7.5 விழுக்காட்டு ஒதுக்கீடு, ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் பயின்றாரா என்றே கேட்கின்றது. ஆங்கிலவழியில் பயின்றாரா என்று கேட்கவில்லை.

ஆங்கிலத்தை ஒரு மொழியாகக் கற்பதை எவரும் மறுக்கவில்லை. அதனை நன்றாகக் கற்பிக்கட்டும். தேர்ந்த ஆசிரியரை அமர்த்தட்டும். ஆனால் மொழியைக் கற்பது வேறு. புரியாத மொழியில் அறிவியலை நெட்டுருச் செய்வது வேறு. முன்னது கல்வி; பின்னது கிளிப்பயிற்சி.

பள்ளியை அளக்க விரும்பும் பெற்றோர் கேட்கவேண்டிய வினாக்கள் வேறு. வகுப்பிற்கு ஓர் ஆசிரியர் உண்டா? அறிவியற் பணியிடம் நிரப்பப்பட்டுள்ளதா? நூலகத்துப் பொத்தகங்கள் பிள்ளைகளின் கைக்கு வருகின்றனவா, பேழையில் பூட்டிக் கிடக்கின்றனவா? பெண்பிள்ளைகட்குத் தண்ணீரோடு கூடிய கழிப்பறை உண்டா? ஏழாம் வகுப்புப் பிள்ளை தான் படித்த பாடத்தை மூடிவைத்துவிட்டுத் தன் சொல்லில் சொல்லுமா? பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும் என்பது சட்டம். இவ்வினாக்களை அங்கே எழுப்ப அவர்கட்கு முழு உரிமை உண்டு.

ஊருக்குத் தமிழ்வழி, தன் பிள்ளைக்கு ஆங்கிலவழி என்று வாழும் தமிழாசிரியரும் தமிழன்பரும் ஈண்டு நாணுதல் வேண்டும். அவர்கள் மேடையில் முழங்கும் ஆயிரம் சொற்களை, அவர்தம் பிள்ளை ஏறிச்செல்லும் தனியார் பள்ளிப் பேருந்து ஒரே நொடியில் பொய்யாக்கிவிடுகின்றது. ஆள் இல்லாத தமிழ்வழி வகுப்பை நாளை அரசு மூடும். மூடிவிட்டு, "கேட்பார் இல்லை" என்று கைவிரிக்கும். கேட்பார் உண்டு என்று காட்டவேண்டிய இடம் மேடையன்று. ஆறாம் வகுப்புச் சேர்க்கைப் பதிவேடு. தன் பிள்ளையின் பெயரை அதில் எழுதுவோனே தமிழைக் காப்பவன்!