வில்லங்கம் பார்த்தாச்சு, காற்றைப் பார்த்தீர்களா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பியோடு ஃபிளாட் பார்க்கப் போனேன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில்தான் அவனுக்கு வேலை. ஷிஃப்ட் முடிந்ததும் பத்து நிமிடத்தில் வந்து சேருகிற தூரத்தில் சொந்தமாக இரண்டு அறை வேண்டும் என்பது பல வருட ஆசை. நாங்கள் போனது காலை பதினொரு மணி. தாய்ப்பத்திரம், பட்டா, முப்பது வருட வில்லங்கம், ரெரா பதிவு எண் என்று எல்லாவற்றையும் மேசையில் பரப்பினார்கள். "காற்று எப்படி இருக்கும் தம்பி?" என்று கேட்டேன். விற்பனைக்கு நின்ற பையன் ஜன்னலைத் திறந்தான். "நல்லா ஜிலுஜிலுன்னு வரும்க்கா, கிராஸ் வென்டிலேஷன்."

நான் கேட்டது அதை இல்லை.

இருபது வருடமாக இதே கும்மிடிப்பூண்டியில் இருக்கிறேன். மொட்டை மாடியில் வடகம் பிழிவதை எப்போதோ விட்டாச்சு. ராத்திரி கொடியில் கிடந்த பள்ளிச் சீருடையைக் காலையில் உதறினால் கரி உதிர்கிறது. பழைய இரும்பை உருக்கும் உலைகளும், ரோலிங் மில்களும், பழைய டயரைக் காய்ச்சி எண்ணெய் எடுக்கும் கம்பெனிகளும் இருக்கிற ஊர் இது. பகலில் புகை அவ்வளவாகத் தெரியாது. ராத்திரி பன்னிரண்டுக்கு மேல் தொண்டையில் வந்து உட்காரும். மார்கழி, தை என்றால் கேட்கவே வேண்டாம். தரை குளிரும்போது அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துவிடும். அதற்கு மேலே இருக்கும் வெதுவெதுப்பான காற்று, பானைக்கு மூடி போட்டது போல நின்றுவிடும். விட்ட புகை விட்ட இடத்திலேயே கிடக்கும். குழந்தை இருமுகிறது என்று ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் நாற்றம். எத்தனை ராத்திரிதான் இப்படி எழுந்து எழுந்து சாத்துவது?

"ஆன்லைன்ல பாருங்கக்கா, ஏர் குவாலிட்டி நல்லாத்தான் இருக்கு" என்றான் அந்தப் பையன். இங்கே அந்தோணிப்பிள்ளை நகரில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கண்காணிப்பு நிலையம் இருக்கிறது, உண்மைதான். அது காட்டும் எண்ணைப் பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தினமும் வெளியாகும் குறியீடு 24 மணி நேரச் சராசரியை வைத்துப் போடுவது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ராத்திரி நாலு மணி நேரம் நுண்துகள் அளவு 200, மீதி இருபது மணி நேரம் 30 என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 58 வரும். பி.எம். 2.5 நுண்துகளுக்கு 2009-இல் நம் நாடு வைத்த ஒரு நாள் வரம்பு, கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம். ஆக, அந்த நாள் தேறிவிட்டது! உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்னதோ வெறும் 15. நாலு மணி நேரம் மூச்சு முட்டக் கிடந்தவருக்கு அந்தச் சராசரி எதற்கு உதவும்?

சரி, அடுக்குமாடி கட்ட அனுமதி கொடுக்கும்போதாவது இதைப் பார்க்கிறார்களா? 2006 செப்டம்பரில் வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி 20,000 சதுர மீட்டர், அதாவது சுமார் 2.15 லட்சம் சதுர அடியைத் தொட்டால்தான் சுற்றுச்சூழல் அனுமதியே தேவை. அதற்கு ஓர் அடி குறைத்துக் கட்டினால் கேள்வி இல்லை. தொட்டாலும் ஒன்றரை லட்சம் சதுர மீட்டர் வரை முழு ஆய்வறிக்கை கிடையாது, படிவம்தான். மக்கள் கருத்துக்கேட்பும் கிடையாது. அந்த 1ஏ படிவத்தில் காற்றுக்கென்று ஒரு பகுதி இருக்கிறது. கட்டடத்தால் தூசு வருமா, புகை வருமா, வாகனம் எப்படிப் போய்வரும், ஜெனரேட்டர் எத்தனை என்று கேட்கிறது. கேட்க வேண்டியவைதான். எங்கள் தெருவிலேயே ஒரு கட்டடம் எழும்புகிறது. டைல்ஸை வெட்டவெளியில் வைத்து அறுக்கிறார்கள், எம்-சாண்டை மூடாமல் கொட்டி வைத்திருக்கிறார்கள். கட்டுமானத் தூசைக் கட்டுப்படுத்த மத்திய அரசு 2018 ஜனவரியில் விதி போட்டது, இங்கே பச்சை வலையைத் தாண்டி ஒன்றையும் காணோம்.

ஆனாலும் அந்தத் தூசு இரண்டு வருடத்தில் ஓய்ந்துவிடும். என் ஆதங்கம் அது இல்லை. கட்டடம் காற்றை என்ன செய்யும் என்று கேட்கிறவர்கள், இந்தக் காற்று அந்தக் கட்டடத்தில் குடியேறும் முந்நூறு குடும்பத்தை என்ன செய்யும் என்று ஏன் கேட்பதில்லை? மாடிக்கு 3 மீட்டர் என்றால் பத்தாவது மாடி 30 மீட்டர். 30 மீட்டர் புகைபோக்கிகள் நிற்கும் ஊரில், அவற்றின் வாய்க்கு நேரே தொட்டில் கட்டப் போகிறார்கள். இங்கிலாந்தில் புதுக் குடியிருப்புக்கான காற்று மதிப்பீட்டில், அங்கே வந்து வாழப் போகிறவர்கள் எதைச் சுவாசிப்பார்கள் என்பதையும் சேர்த்தே பார்க்கிறார்கள். நமக்கு மட்டும் அது ஏன் தோன்றவில்லை? 2022-இல் சென்னைப் பெருநகர எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904-ஆக விரித்து அரசாணை வந்தது. எங்கள் திருவள்ளூர் மாவட்டத்தில் இனி வீடுகள் இன்னும் நெருங்கி வரும். அதற்குள்ளாவது ஒரு விதி போடுங்கள். தொழிற்பேட்டையை ஒட்டி வீடு கட்ட மனு வந்தால், அந்த மனையிலேயே கருவி வைத்து, பனிக்காலத்தையும் சேர்த்து, மணிக்கு மணி அளந்து, ராத்திரிக் கணக்கைத் தனியாகக் காட்டச் சொல்லுங்கள். அந்தத் தாளையும் ரெரா பக்கத்தில் வில்லங்கத்தோடு போடச் சொல்லுங்கள்.

தம்பியை மறுபடி அங்கே கூட்டிப் போனேன், ஒரு புதன்கிழமை ராத்திரி ஒரு மணிக்கு. வண்டியை நிறுத்தி ஐந்து நிமிடம் நின்றோம். கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, "வேலை இங்கதான்க்கா, வேற எங்க போறது?" என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அட்வான்ஸ் மட்டும் இன்னும் கொடுக்கவில்லை.

இந்தப் பக்கம் வீடு வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஞாயிறு காலையில் பார்த்துவிட்டு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். நடுராத்திரி ஒரு முறை போய் நின்று பாருங்கள்.