குழாய்க்குக் கடன் கிடைக்கிறது, ஆராய்ச்சிக்கு?

1937-ஆம் ஆண்டு கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டைச் சேர்ந்த ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி ஆகிய மூவர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டக் கிராமங்களில் அவர்கள் கண்ட நோயைப் பற்றியது அது. சிறுவர்களின் பற்களில் பழுப்புக் கறை. நடுவயதைத் தாண்டியவர்களுக்கு முதுகெலும்பு இறுகி, கழுத்தைத் திருப்பவோ குனிந்து நிமிரவோ முடியாத நிலை. காரணம் கிணற்று நீரில் கரைந்திருந்த ஃபுளோரைடு. இந்தியாவில் இந்த நோயைப் பற்றிய முதல் அறிவியல் பதிவுகளில் ஒன்று இப்படிச் சென்னையிலிருந்துதான் போனது.

அந்த நீரை ஒரு கிராமமே தன் கையால் சுத்தம் செய்துகொள்ளக்கூடிய எளிய முறை எப்போது வந்தது? 1975-இல். நாக்பூரில் 1958-இல் தொடங்கப்பட்டு, 1974-இல் 'நீரி' என்று பெயர் மாறிய தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் அதை உருவாக்கியது. நல்கொண்டா முறை என்று பெயர். சுண்ணாம்பும் படிகாரமும் கலந்து கலக்கினால் திரள் உண்டாகும். ஃபுளோரைடின் பெரும்பகுதி அந்தத் திரளோடு அடியில் படிந்துவிடும். கிருமிக்குக் கொஞ்சம் பிளீச்சிங் பவுடர். எல்லாமே பக்கத்து ஊர்க் கடையில் கிடைக்கிற பொருள்கள்.

நோயைக் கண்டுபிடித்ததற்கும் மருந்தைக் கண்டுபிடித்ததற்கும் இடையே 38 ஆண்டுகள். அந்த முறையில் வேதியியல் புதிராக எதுவும் இல்லை. படிகாரம் என்ன செய்யும் என்பது 1937-இலேயே எல்லாத் தண்ணீர்ப் பொறியாளருக்கும் தெரியும். எவ்வளவு படிகாரம், எந்தக் கிணற்று நீருக்கு, எத்தனை நிமிடக் கலக்கல் என்று உட்கார்ந்து பார்ப்பதற்கு ஓர் ஆய்வுக்கூடமும், சில ஆண்டுச் சம்பளமும், ஒரு பொறுப்பாளரும் தேவையாக இருந்தன. அந்தச் செலவு யாருடைய கணக்கிலும் ஏறாமல் ஒரு தலைமுறை வளர்ந்து முதுகு இறுகியது.

முறை வந்த பிறகும் கதை முடியவில்லை. கலங்கல் நீக்கத் தேவைப்படுவதைவிடப் பல மடங்கு படிகாரம் இதற்கு வேண்டும். அதனால் சேறு நிறையச் சேரும். அளவு தவறினால் நீரில் அலுமினியம் தங்கும். கிணற்றின் ஃபுளோரைடு பருவத்துக்குப் பருவம் மாறினால் அளவையும் மாற்ற வேண்டும். அதை யார் அளப்பது, சேற்றை எங்கே கொட்டுவது, ஆபரேட்டர் வராத நாளில் என்ன செய்வது? இவையும் ஆராய்ச்சிக் கேள்விகள்தான். ஆனால் ஆராய்ச்சிக்கான பணம் முறை கிடைத்ததோடு பெரும்பாலும் நின்றுவிட்டது. பல ஊர்களில் தொட்டிகள் கட்டப்பட்டு, சில காலம் ஓடி, நின்றுபோயின. இதே ஃபுளோரைடால் பாதிக்கப்பட்ட தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட மக்களுக்கு 2013-இல் திறக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் காவிரி நீரைக் கொண்டுவந்தது. அதற்கு ஜப்பானியக் கடனுதவியுடன் ஆயிரத்துத் தொள்ளாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் ஆனது. அந்தத் திட்டம் வேண்டியதுதான், அதை நான் மனமார வரவேற்கிறேன். குழாய் பதிக்க இவ்வளவு பெரிய தொகையைத் திரட்ட முடிந்த நாம், இருக்கிற கிணற்று நீரை ஆராய அதில் ஒரு சிறு பங்கைக்கூட முன்கூட்டியே திரட்டவில்லை என்பதுதான் உறுத்துகிறது.

குடிநீர் ஆராய்ச்சிக்கு யார் பணம் தர வேண்டும் என்ற கேள்வி பழையது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில சுகாதார வாரியம் 1887-இல் லாரன்ஸ் நகரில் மெரிமாக் ஆற்றங்கரையில் ஒரு பரிசோதனை நிலையம் தொடங்கியது. மேலே உள்ள லோவெல் நகரத்தின் கழிவு கலந்த ஆற்று நீரைத்தான் லாரன்ஸ் மக்கள் குடித்தார்கள். டைஃபாய்டு அங்கே ஆண்டுதோறும் வந்துபோகிற விருந்தாளி. நிலையத்தில் தொட்டி தொட்டியாக மணலை நிரப்பி, எந்த அளவு மணல், எவ்வளவு வேகத்தில் நீர், எத்தனை கிருமி தங்குகிறது என்று எண்ணினார்கள். 1893-இல் நகரத்துக்கே மணல் வடிகட்டி அமைத்தபோது அடுத்த சில ஆண்டுகளில் டைஃபாய்டு சாவுகள் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு குறைந்தன. அங்கே பணம் மாநில அரசுடையது.

அதே நாட்டின் லூயிவில் நகரின் கதை இன்னும் சுவையானது. ஒஹையோ ஆறு சேறும் களிமண்ணும் சுமந்துவரும் ஆறு. லாரன்ஸில் வென்ற மெதுமணல் வடிகட்டி இங்கே சில நாளில் அடைத்துக்கொள்ளும். வடிகட்டி விற்கும் கம்பெனிகளோ எங்கள் இயந்திரம் எந்த ஆற்றையும் சுத்தமாக்கும் என்று விளம்பரம் செய்துகொண்டிருந்தன. லூயிவில் குடிநீர்க் கம்பெனியின் தலைமைப் பொறியாளர் சார்லஸ் ஹெர்மனி அந்த விளம்பரங்களை நம்பி வாங்கிவிடவில்லை. உங்கள் இயந்திரங்களை எங்கள் ஆற்றங்கரையிலேயே நிறுத்துங்கள், எங்கள் ஆள் சோதிப்பார் என்றார். அந்த ஆள் ஜார்ஜ் வாரன் ஃபுல்லர். லாரன்ஸ் நிலையத்தில் பயின்றவர், வயது 26. 1895 முதல் 1897 வரை மழைக்காலக் கலங்கல், கோடைத் தெளிவு, பனி என எல்லாப் பருவத்திலும் நீரைச் சோதித்தார். கம்பெனிகள் கொண்டுவந்த எந்த இயந்திரமும் அப்படியே அந்த ஆற்றுக்குப் போதாது என்பது அவர் முடிவு. முதலில் படிகாரம் சேர்த்துக் கலங்கலைத் திரள வைத்து, படிய விட்டு, அதன் பிறகே வேகமான மணல் வடிகட்டிக்கு அனுப்ப வேண்டும். ஊர்ப்புறத்தில் தேற்றாங்கொட்டையைக் குடத்துக்குள் உரைத்து, கலங்கல் நீரைத் தெளியவிட்டு அள்ளிய நம் முன்னோர் அறிந்திருந்த அதே செயல்தான். ஃபுல்லர் செய்தது அதற்கு அளவும் வரிசையும் நேரமும் கண்டுபிடித்தது.

1898-இல் வெளிவந்த அந்த அறிக்கையில் தோற்ற சோதனைகளும் இருந்தன. எந்த நகரமும் அதைப் படித்துத் தன் ஆற்றுக்குப் பொருத்திக்கொள்ளலாம். இன்று புழல், செம்பரம்பாக்கம் உட்பட உலகெங்கும் ஏரி, ஆற்று நீரைச் சுத்திகரிக்கும் நிலையங்களில் பெரும்பாலானவை பின்பற்றுவது அந்த வரிசைதான். திரள்விப்பு, படிவு, வடிகட்டல். குளோரின் பின்னால் சேர்ந்தது. ஒரு நகரத்துக் குடிநீர்க் கம்பெனி தன் சொந்தப் பணத்தில் தன் சொந்த ஆற்றைக் கேள்வி கேட்டதன் பலன் அது. லூயிவிலின் புதிய வடிகட்டி நிலையம் 1909-இல்தான் முழுதாக இயங்கியது. ஆராய்ச்சிக்கும் கட்டுமானத்துக்கும் நடுவே பத்தாண்டுக்கும் மேல் பொறுத்திருந்தார்கள்.

தண்ணீர் நிலையத்துக்குள்ளேயே வேதியியலாளர் இருப்பதன் மதிப்பை நெதர்லாந்தின் ரோட்டர்டாம் காட்டியது. அந்நகரக் குடிநீர் நிறுவனத்தில் பணிபுரிந்த யோஹனஸ் ரூக், ஆற்று நீரில் இயற்கையாக உள்ள மக்குப் பொருளோடு குளோரின் வினைபுரிந்து குளோரோஃபார்ம் போன்ற சேர்மங்களை உண்டாக்குகிறது என்று 1974-இல் வெளியிட்டார். ஏறக்குறைய அதே நேரத்தில் அமெரிக்கச் சின்சினாட்டியில் அரசு ஆய்வுக்கூடத்தவர்களும் அதே முடிவுக்கு வந்தார்கள். கிருமியைக் கொல்ல நாம் சேர்ப்பதே இன்னொரு தீங்கைக் கொண்டுவரலாம் என்பது அதுவரை பெரிதாக எழாத கேள்வி. 1979-இல் அமெரிக்கா அவற்றுக்கு லிட்டருக்கு 0.10 மில்லிகிராம் என்று வரம்பு வைத்தது.

இதற்கிடையே 1966-இல் அமெரிக்கக் குடிநீர்ப் பணிகள் சங்கத்தின் ஆராய்ச்சி அறக்கட்டளை உருவாகியிருந்தது. பிற்காலத்தில் அது நீர் ஆராய்ச்சி அறக்கட்டளை ஆயிற்று. குடிநீர் நிறுவனங்கள் சந்தா கட்டுகின்றன. எந்தக் கேள்வியை ஆராய்வது என்பதில் அவற்றுக்குப் பங்கு உண்டு. சோதனைகளைத் தம் நிலையத்திலேயே நடத்த இடம் கொடுக்கின்றன. ஒரு நிறுவனம் தன் சொந்தச் சிக்கலுக்குப் பணம் போட்டால் அறக்கட்டளையும் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு. ஒரு சிறு ஊரின் சந்தாவால் ஓர் ஆராய்ச்சியை நடத்த முடியாது. ஆயிரம் ஊர்கள் சேர்ந்தால் முடியும்.

அதன் அவசியத்தை 1993 ஏப்ரலில் மில்வாக்கி நகரம் உணர்ந்தது. ஒரு சுத்திகரிப்பு நிலையத்தில் கலங்கல் கொஞ்சம் ஏறியதோடு கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி குழாய் நீரில் கலந்தது. குளோரினுக்கு அது அசைந்து கொடுக்காது. நான்கு லட்சம் பேருக்கு மேல் வயிற்றுப்போக்கு. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலானோர் எய்ட்ஸ் போன்ற நோயால் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள். புற ஊதா ஒளி இந்த ஒட்டுண்ணியை ஒன்றும் செய்யாது என்றே அப்போது எண்ணியிருந்தார்கள். 1990-களின் இறுதியில் ஜெனிஃபர் கிளான்சி முதலானோர் சோதனையின் முறையை மாற்றினார்கள். ஒளி பட்ட ஒட்டுண்ணி இன்னும் உயிரோடு இருப்பது போலத் தெரிகிறதா என்று பார்ப்பதை விட்டு, அது எலிக்கு நோய் தருகிறதா என்று பார்த்தார்கள். மிகக் குறைந்த ஒளியே போதும் என்று தெரிந்தது. விளக்கு அதே விளக்குதான். நியூயார்க் 2013-இல் தன் மலைநீருக்கு உலகிலேயே மிகப் பெரிய புற ஊதா நிலையத்தைத் திறந்தது.

சிங்கப்பூர்க் கதை நம் வாசகர்களில் பலருக்கு நேரிலேயே தெரியும். 1974-இல் கழிவு நீரைக் குடிநீராக்கும் ஒரு முன்னோடி நிலையம் அங்கே கட்டப்பட்டது. செலவு தாங்காமல் மூடினார்கள். கேள்வியை மட்டும் கைவிடவில்லை. 1998-இல் மீண்டும் ஆராயத் தொடங்கி, 2000-இல் பெடோக்கில் செயல்விளக்க நிலையம் அமைத்து, வெளி நிபுணர் குழுவிடம் சோதிக்கக் கொடுத்து, 2003-இல் அந்த நீரை 'நியூவாட்டர்' என்ற பெயரில் மக்களுக்குக் கொடுத்தார்கள். 2006-இல் அந்நாட்டின் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை நீர்த்துறைக்கு ஐந்தாண்டுகளுக்கு 33 கோடி சிங்கப்பூர் டாலர் ஒதுக்கியது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கண்காணிப்பு ஆணையமான ஆஃப்வாட் 2020 முதல் 2025 வரை 20 கோடி பவுண்டு நிதியை உருவாக்கி, குடிநீர்க் கம்பெனிகளைப் போட்டியிட்டுப் பெற வைத்தது. அந்தப் பணம் மக்கள் கட்டும் தண்ணீர்க் கட்டணத்திலிருந்து வந்தது.

நம் நாட்டில் பணமே இல்லை என்று சொல்ல முடியாது. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2007-இல் நீர்த் தொழில்நுட்பத் திட்டம் தொடங்கியது. 2009-இல் உச்ச நீதிமன்றம் தண்ணீர்த் தட்டுப்பாட்டுக்கு அறிவியல் வழியில் தீர்வு தேட அரசைப் பணித்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் பிரதீப் குழுவினர் வெள்ளி நுண்துகள்களால் பூச்சிமருந்தைச் சிதைக்கும் முறையைக் கண்டார்கள். அது 2007-இல் வீட்டு ஃபில்டராகச் சந்தைக்கு வந்தது. ஆர்சனிக்கை நீக்கும் பொருளும் பின்னால் வந்தது. இவை பெருமைக்குரியவை. ஆனால் இத்தகைய நிதிகளைக் கேட்டுப் பெறுபவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகங்களும் தேசிய ஆய்வுக்கூடங்களும்தான். ஒவ்வொரு நாளும் கோடிக்கணக்கான லிட்டரைச் சுத்தம் செய்கிற குடிநீர் வாரியம் அங்கே நீர் மாதிரி கொடுக்கிற இடமாகவே நின்றுவிடுகிறது. கேள்வி நிலையத்தில் பிறந்து, பதில் வேறு எங்கோ எழுதப்பட்டு, திரும்பி வராமல் போய்விடுகிறது.

சென்னையையே எடுத்துக்கொள்வோம். 1872 முதல் செங்குன்றம் ஏரி நீர் நகரத்துக்கு வந்தது. நாற்பதாண்டுக்கும் மேல் வடிகட்டாமலே. கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகள் அமைந்தது 1914-இல். இன்று இந்த நகரம் குடிப்பது ஏரி நீர், கிருஷ்ணா நீர், வீராணம் நீர், 2010-இல் மீஞ்சூரிலும் 2013-இல் நெம்மேலியிலும் உப்பு நீக்கத் தொடங்கிய கடல்நீர், இவையெல்லாம் கலந்தது. ஏரி நீருக்கு உரிய வேதியியல் வேறு, உப்பு நீக்கிய நீருக்கு வேறு. இரண்டும் ஒரே பழைய இரும்புக் குழாயில் மாறி மாறி ஓடும்போது உள்ளே படிந்த துரு என்னவாகிறது? கோடையில் ஏரியில் பாசி கூடும்போது படிகார அளவும் குளோரின் அளவும் எப்படி மாற வேண்டும்? இவற்றுக்கு லூயிவிலிலோ ரோட்டர்டாமிலோ பதில் கிடைக்காது. நம் நீரிலேதான் தேட வேண்டும். அதைத் தேடாததற்கான விலையை வீடுகள் ஏற்கெனவே கட்டிக்கொண்டிருக்கின்றன. குழாய் நீர் வருகிற வீட்டிலும் சமையலறையில் ஆர்.ஓ. இயந்திரமும் வாசலில் கேன் தண்ணீரும் இருக்கின்றன. மக்கள் வாரியத்துக்குக் கட்டும் தொகையைவிட இவற்றுக்குக் கொடுப்பது அதிகம் என்பதைப் பல வீட்டுக் கணக்குகள் சொல்லும்.

சென்னைக் குடிநீர் வாரியமும் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியமும் தம் வருவாயில் நூற்றுக்கு அரை ரூபாயை ஆராய்ச்சிக்கென்று தனிக் கணக்கில் ஒதுக்க வேண்டும். குழாய் வெடித்தால் அதை எடுத்துச் செலவழிக்க முடியாதபடி விதி வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி போல் தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாற்று நிலத்தடி நீர் கெட்ட நகராட்சிகள் தனியே எதையும் ஆராய முடியாது. அவை மாநிலக் கணக்கில் சிறு பங்கு போட்டுச் சேரலாம். ஒவ்வொரு பெரிய சுத்திகரிப்பு நிலையத்திலும் மூலநீரிலிருந்து ஒரு சிறு கிளைக்குழாய் பிரித்து, தனிச் சோதனைத் தொட்டி வரிசை வைக்க வேண்டும். நகரத்துக்குப் போகும் நீரைத் தொடாமல் புதிய அளவையும் புதிய பொருளையும் அங்கேயே ஓட்டிப் பார்க்கலாம். ஃபுல்லர் செய்தது போல ஆய்வு முடிவுகள் வெற்றியானாலும் தோல்வியானாலும் அச்சாக வேண்டும்; தமிழில் அச்சாகி எல்லா நிலையத்துக்கும் போக வேண்டும். ஆண்டுதோறும் ஆராய வேண்டிய கேள்விகளின் பட்டியலை வாரியத் தலைமையகம் அல்ல, நிலையங்களில் ஷிஃப்ட் பார்க்கிற ஜூனியர் இன்ஜினியர்களும் ஆய்வக உதவியாளர்களும் எழுத வேண்டும். நீரின் நிறம் எந்த வாரத்தில் மாறுகிறது, எந்தக் காற்றடிக்கும்போது வாடை ஏறுகிறது, படிகார அளவைப் பார்க்கும் ஜார் டெஸ்ட்டில் எந்த நாளில் திரள் சரியாக உருவாகவில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்களுடைய பதிவேடுகளில் அது பல ஆண்டுகளாக எழுதப்பட்டிருக்கிறது.