வார் தைத்தவர் வீட்டில் ஒரு லேத்

கோவைப் புறநகரில் எங்கள் மாலைப் படிப்பகம் நடக்கும் காலனியில், ஒரு வீட்டின் பின்புறம், தகரக் கூரைக்கு அடியில், நாலரை அடி லேத் ஒன்று இப்போது ஓடுகிறது. ஏழு மாதத்துக்கு முன் அது பழைய இரும்புக் கடையில் மழையில் நனைந்து கிடந்தது. எடை போட்டதில் 560 கிலோ. கிலோ 42 ரூபாய் வீதம் 23,520 ரூபாய். ஆறு பேர் பங்கு போட்டு வாங்கினோம். அதைத் திரும்ப ஓடவைத்தவர் அந்த வீட்டுக்காரர். பம்ப்செட் பட்டறைகளில் முப்பது வருஷம் வேலை பார்த்த அருந்ததியர். நாங்கள் அண்ணன் என்று கூப்பிடுகிறோம்.

லேத்தை வண்டியிலிருந்து இறக்கிய அன்றைக்கே படிப்பகத்து மாணவி ஒருத்தி கேட்டாள்: “அடுத்தவங்க வேண்டாம்னு போட்டதத்தான் நாம எடுக்கோணுமாங்க்கா? பழைய சோறு, பழைய துணி, இப்ப பழைய மெஷினா?”

நியாயமான கேள்வி. அன்றைக்கு எங்களால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. அவளுக்கும், அதே கேள்வி மனதில் இருக்கும் மற்ற தோழர்களுக்கும் இப்போது பதில் சொல்ல முயல்கிறோம்.

முதலில் கொஞ்சம் வரலாறு. கொங்குப் பகுதியில் மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைப்பதைக் கவலை என்பார்கள். தண்ணீர் மொள்ளும் தோல் சாலைச் செய்ததும், கிழிந்தால் தைத்துக் கொடுத்ததும் நம் முன்னோர்கள். செத்த மாட்டைத் தூக்கி, தோலை உரித்து, பதப்படுத்தி, தைத்துக் கொடுத்தால் அறுவடையில் கொஞ்சம் தானியம் கிடைக்கும். 1932இல் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்தது. மில்கள் பெருகின. கோவையிலேயே மோட்டாரும் பம்ப்பும் செய்யத் தொடங்கினார்கள். கிணற்றுக்குக் கிணறு மோட்டார் ஏற, கவலை நின்றது. தோல் சாலும் நின்றது.

அந்தப் பம்ப்பின் தண்டையும் புஷ்ஷையும் கடைந்தது லேத். நம் பாட்டன்மார் தொழிலை முடித்துவைத்ததில் இந்த மெஷினுக்குப் பங்கு உண்டு. அதற்காக நாங்கள் அழவில்லை. செத்த மாட்டைத் தூக்கும் வேலை ஒழிந்தது நல்லது. ஆனால் பழைய வேலை போன வேகத்தில் புது வேலையின் கதவு நமக்குத் திறக்கவில்லை. பட்டறை வைத்தவர்கள் பெரும்பாலும் நிலமும் பருத்திப் பணமும் இருந்த சாதிக்காரர்கள். லேத்தில் நிற்க அவர்கள் கூட்டி வந்தது சொந்தக்காரப் பையன்களையும் ஊர்க்காரப் பையன்களையும். நமக்குக் கிடைத்தது கூட்டுகிற வேலை, சுமக்கிற வேலை, ஃபவுண்டரி மணல்.

சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களையே மேலும் கீழுமாக அடுக்குகிறது என்று பாபாசாகேப் 1936இல் ‘சாதி ஒழிப்பு’ நூலில் விளக்கினார். ஒரு தொழில் நசிந்தால் இன்னொன்றுக்கு மாற விடாமல் தடுப்பதால், வேலையின்மைக்குச் சாதியே நேரடிக் காரணமாகிறது என்றும் அதே நூலில் சொன்னார். இதைப் பொருளாதாரப் பாடம் யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. கவலையிலிருந்து பம்ப்செட்டுக்கு மாறிய கொங்கு நாட்டின் கதை அந்த வாதத்துக்கு நேரடிச் சான்று.

இங்கிலாந்தையும் பாருங்கள். திருகு மரை வெட்டும் லேத்தை 1800 வாக்கில் நம்பகமான கருவியாக்கிய ஹென்றி மாட்ஸ்லி, 12 வயதில் ஊலிச் ஆயுதச் சாலையில் தோட்டாவுக்கு மருந்து நிரப்பப் போனவர். சிறுவர் உழைப்பை நாங்கள் கொண்டாடவில்லை. கவனிக்க வேண்டியது வேறு. மருந்து நிரப்பிய பையன் அங்கே தச்சுக்கூடத்துக்கும் பிறகு கொல்லு உலைக்கும் மாற முடிந்தது. 1797இல் கூலி உயர்வு மறுக்கப்பட்டபோது வெளியேறிச் சொந்தப் பட்டறை வைக்கவும் முடிந்தது. இங்கே நம் பிள்ளைகளுக்கு அந்த இரண்டு வழியும் அடைபட்டிருந்தன.

அண்ணனின் அப்பா தோல் வார் தைப்பவர். அந்தக் காலப் பட்டறையில் ஒரே மோட்டார்தான். மேலே நீள ஷாஃப்ட் ஓடும். அதிலிருந்து ஒவ்வொரு லேத்துக்கும் தட்டையான தோல் பெல்ட் இறங்கும். பெல்ட் அறுந்தால் அப்பாவுக்கு ஆள் வரும். கழற்றிய பெல்ட்டை வாசலில் போடுவார்கள். அவர் வாசலிலேயே உட்கார்ந்து தைத்துக் கொடுப்பார். உள்ளே எடுத்துப்போய் மாட்டுவது வேறொருவர். இருபது வருஷம் ஒரே பட்டறைக்கு வார் தைத்தவர், அந்த லேத் ஓடுவதைக் கிட்டப்போய்ப் பார்த்ததில்லை.

அண்ணன் அடுத்த தலைமுறை. பதினாறு வயதில் வேறொரு பட்டறைக்குள் போனார், இரும்புச் சீவல் அள்ள. பிறகு ஹெல்பர், பிறகு டிரில்லிங். லேத்தில் நிற்க ஒன்பது வருஷம் ஆனது. அவருக்குப் பின்னால் வந்த முதலாளியின் உறவுக்காரப் பையன் இரண்டாம் வருஷமே டர்னர். “அவன் கெட்டவனில்லீங்க. அவனுக்கு நிக்கறதுக்கு எடம் கெடச்சுது, எனக்குக் கெடைக்கல, அவ்ளோதான்” என்கிறார் அண்ணன்.

இந்த ‘நிற்கிற இடம்’ என்பதைத்தான் எம்.ஏ. பரீட்சையில் சமூக மூலதனம் என்று பக்கம் பக்கமாக எழுதினோம். லேத் வேலையில் பாதி புத்தகத்தில் இருக்கிறது. மீதி, வெட்டும்போது வரும் சத்தம், சீவலின் நிறம், கைப்பிடியில் தெரியும் அதிர்வு. பக்கத்தில் நிற்க விட்டால்தான் அது வரும். ஐ.டி.ஐ.யில் டர்னர் படிப்பு இரண்டு வருஷம். இடஒதுக்கீடு நம் பிள்ளைகளை அதுவரை கொண்டுபோய்ச் சேர்க்கிறது. சான்றிதழோடு பட்டறைக்குப் போனால் “எந்த ஊரு, யாரு பையன்” என்ற கேள்வி வருகிறது. அங்கே இடஒதுக்கீடு இல்லை.

சொந்தமாக ஒரு லேத் இருந்தால் அந்தக் கேள்வியைக் கேட்க ஆளில்லை. பழைய லேத்தை வீட்டுக்குக் கொண்டுவந்த காரணம் இதுதான்.

மேலை நாடுகளில் பழைய லேத்தைப் புதுப்பிப்பது பலருக்கு ஓய்வுநேரப் பொழுதுபோக்கு. எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளும் இரவுகளும்தான் இருந்தன, ஆனால் வேலை என்னவோ ஒன்றுதான். தோழர்களில் யாராவது செய்ய நினைத்தால் உதவும் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறோம்.

வாங்கும் முன் அண்ணன் பார்த்தது பெட்டை. லேத்தில் பெரும்பாலான வேலை சக்குக்கு முன்னால் ஒரு அடிக்குள் நடக்கும். அதனால் பெட் அங்கேதான் அதிகம் தேயும். அந்த இடத்தில் கேரேஜ் ஆடாமல் இருக்கும்படி இறுக்கிவிட்டு டெயில் ஸ்டாக் பக்கம் தள்ளிப் பார்த்தார். நடுவிலேயே சிக்கியது. தேய்மானம் உண்டு, ஆனால் விரிசல் இல்லை, பல்சக்கரங்கள் முழுசாக இருந்தன. “இது போதும்” என்றார்.

துருவை எடுக்க உப்புத்தாளை மட்டும் நம்பவில்லை. கைப்பிடி, பல்சக்கரம் போன்ற சிறு பாகங்களுக்கு ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீரும் வாஷிங் சோடாவும் கரைத்து, 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் மைனஸ் முனையைத் துருப்பிடித்த பாகத்திலும் பிளஸ் முனையை வேண்டாத இரும்புத் தகட்டிலும் மாட்டினோம். இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது. ஓரிரவில் துரு இளகி, தேய்த்தால் வந்துவிட்டது. இதில் ஹைட்ரஜன் வாயு வரும், எனவே திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். பிளஸ் பக்கம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடவே கூடாது, அதிலிருந்து நச்சுக் குரோமியம் தண்ணீரில் கலக்கும்.

கிராஸ் ஸ்லைடு கைப்பிடியைத் திருப்பினால் கால் சுற்று வரை ஒன்றும் நகரவில்லை. உள்ளே இருந்த கன்மெட்டல் நட் தேய்ந்திருந்தது. நட்டைக் கடைய இன்னொரு லேத் வேண்டும். அண்ணனுடன் முன்பு வேலை பார்த்தவர் ஒருவர், தன் பட்டறையில் இரவு இரண்டு மணிநேரம் இடம் கொடுத்தார். அதற்குப் பிறகு தேவைப்பட்ட புஷ், பின், ஸ்பேசர் எல்லாவற்றையும் இந்த லேத்தே தனக்குத்தானே கடைந்துகொண்டது.

கடைசியில் வாட்டர் லெவலைக் குறுக்காக இரண்டு முனையிலும் வைத்து, காலுக்கு அடியில் தகடு கொடுத்து, பெட்டில் முறுக்கு இல்லாமல் செய்தோம். பிறகு டெயில் ஸ்டாக் தாங்காமல் ஒரு தடித்த கம்பியைச் சக்கில் பிடித்து லேசாகக் கடைந்து, 10 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு இடத்தில் மைக்ரோமீட்டர் வைத்தோம். வித்தியாசம் நூறில் மூன்று மில்லிமீட்டர். துல்லிய வேலைக்கு ஆகாது. கிரைண்டர் தண்டு, பம்ப் புஷ், வண்டிப் பின் கடைய ஆகும். குறையை மறைத்து எழுத நாங்கள் விரும்பவில்லை: தேய்ந்த பெட் தேய்ந்ததுதான். அதைச் சீவிச் சரிசெய்யும் செலவு எங்களிடம் இல்லை.

இப்போது மாணவியின் கேள்விக்கு வருகிறோம். மற்றவர் கழித்துப்போட்டதைத் தானமாக வாங்குவதும், எடைக்குக் காசு கொடுத்து வாங்கி, பழுதைக் கண்டுபிடித்து, சரிசெய்து, சொந்தமாக்குவதும் ஒன்றல்ல. லேத்தின் ஒவ்வொரு பாகத்தையும் கழற்றி மாட்டியவருக்கு அதில் தெரியாத இடம் இல்லை. ஒன்பது வருஷம் மறுக்கப்பட்ட படிப்பு அது.

ஆனால் பாதிக் கேள்வி அப்படியே நிற்கிறது. நமக்கு ஏன் பழசு மட்டும்? புதுசு வாங்கக் கடன் கேட்டுப் போனபோது வங்கி மேலாளர் இரண்டு கேட்டார்: புது மெஷினுக்கான கொட்டேஷன், அடமானச் சொத்து. காலனி வீட்டை அடமானமாக எடுக்க அவருக்கு மனமில்லை. ‘குடும்பத் தொழில் என்ன’ என்றும் கேட்டார்.

அந்தக் கேள்வி அவருடையது மட்டுமல்ல. 2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு தொடங்கிய விஸ்வகர்மா திட்டத்தில் 18 தொழில்கள் இருக்கின்றன. செருப்புத் தைப்பது இருக்கிறது, லேத் இல்லை. குடும்பம் வழிவழியாகச் செய்துவந்த தொழில் என்ற நிபந்தனையை நீக்கவும், குறைந்தபட்ச வயதை 18லிருந்து 35ஆக உயர்த்தவும் தமிழக அரசு கேட்டது சரியே. 18 வயதுப் பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் தர வேண்டிய நேரத்தில் அப்பனின் உளியைத் தருவது, 1953இல் ராஜாஜி கொண்டுவந்த அரைநாள் பள்ளியின் நினைவைத்தான் கிளப்புகிறது. செருப்புத் தைப்பது இழிவு என்று நாங்கள் சொல்லவில்லை. பிறப்பைப் பார்த்துத் தொழிலுக்குக் கடன் தருவதுதான் இழிவு.

மாநில அரசின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கு 35 விழுக்காடு மூலதன மானியம் உண்டு. வட்டியில் 6 விழுக்காடு சலுகையும் உண்டு. நல்ல திட்டம். அது காலனிப் பின்புறத்துத் தகரக் கூரை வரை வர வேண்டும். பழுதுநீக்கிய பழைய மெஷினையும் பொறியாளர் சான்றின் பேரில் கடனுக்கு ஏற்க வேண்டும். ஆதிதிராவிடர் நல விடுதிகளுக்கு அருகில் மாலைப் பட்டறைகள் வேண்டும். இவற்றைக் கேட்டு மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். கையெழுத்துப் போட வாருங்கள்.

‘சி.என்.சி. காலத்தில் இது எதற்கு’ என்று கேட்பவர்களுக்கு: சி.என்.சி. புரோகிராமில் வெட்டும் வேகம் போடுகிறவருக்கும் இரும்பு எப்படி வெட்டுப்படும் என்று தெரிந்திருக்க வேண்டும். அதை இங்கே கற்கலாம்.

அந்த மாணவி இப்போது ஞாயிறுதோறும் வருகிறாள். முதல் நாள் அண்ணன் சொல்லித் தந்தது மூன்று விஷயம்: துப்பட்டாவும் தலைமுடியும் இறுகக் கட்டியிருக்க வேண்டும், ஓடும் லேத்தில் கையுறை போடக்கூடாது, சக்குச் சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டுக் கையை எடுக்கக்கூடாது. பிறகு நகர்ந்து இடம் விட்டார். “நில்லு கண்ணு, பக்கத்துல வந்து நில்லு” என்றார்.

ஜெய் பீம்.